கை போனதே தெரியலை, மாமா

அக்கா வீடு மன்னார்குடியில். போன வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் போயிருந்தேன். வந்தவனுக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் மகளைக் கூப்பிட்டு, விளக்கடியில் நிறுத்தி, தலையைத் திருப்பிக் காட்டினாள். உச்சிக்கு வலப்பக்கம் ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சொட்டை. "புழுவெட்டுடா தம்பி. சின்ன வெங்காயம் அரைச்சுத் தேய்ச்சு மூணு மாசமாச்சு. கேக்கவே மாட்டேங்குது" என்றாள்.

அன்று ராத்திரி அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல். நான் பின்னால் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். அவள் இடது கை புத்தகத்தைப் பிடித்திருந்தது. வலது கை முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு மெதுவாகத் தலைக்கு ஏறியது. விரல்கள் முடிக்குள் புகுந்து எதையோ தேடின. வழவழப்பான முடியை எல்லாம் தடவி விட்டுவிட்டு, முறுக்கிக்கொண்ட சொரசொரப்பான ஒன்றில் போய் நின்றன. ஒரே சுண்டு. பிடுங்கிய முடியின் வேர்ப்பக்கத்தை உதட்டில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். பத்து நிமிஷத்தில் ஒன்பது முடி, எண்ணினேன். கண் புத்தகத்தைவிட்டு நகரவே இல்லை.

மறுநாள் தனியாகக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் கண் கலங்கிப்போய், "கை போனதே தெரியலை, மாமா" என்றாள்.

தன் முடியைத் தானே பிடுங்கும் இந்த நோய்க்கு, கை தலைக்குப் போனால் அதிர்ந்து சொல்லும் கைப்பட்டையும், அதைக் குறித்துவைக்கும் செல்போன் செயலியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவள் சொன்ன அந்த நான்கு சொல்லைத்தான் நான் திருப்பிச் சொல்கிறேன்.

இதற்கு மருத்துவத்தில் ட்ரைக்கோடிலோமேனியா என்று பெயர். 1889ல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹலோப்போ வைத்தது. முடி, பிடுங்கு, பித்து என்ற மூன்று கிரேக்கச் சொற்களை ஒட்டிய பெயர். 'பித்து' என்ற வால் ஒட்டிக்கொண்டதுதான் வினை. புத்தி பேதலிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்றைய வகைப்பாட்டில் இது திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யத் தூண்டும் கோளாறுகளின் குடும்பத்தில் இருக்கிறது. தோலைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்வது இதற்கு உடன்பிறப்பு. நகம் கடிப்பது கொஞ்சம் தூரத்துச் சொந்தம். 100 பேரில் 1 அல்லது 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இருக்கும் என்று கணக்கு சொல்கிறார்கள். பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். நம் தெருவிலேயே யாருக்காவது இருக்கும். தலையில் பூவும் தாவணியும் ரிப்பனும் மறைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

புழுவெட்டு என்று அக்கா நினைத்ததில் தப்பில்லை, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் விளக்கில் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். புழுவெட்டில் சொட்டை விழுந்த இடம் பெரும்பாலும் மழமழவென்று வட்டமாக இருக்கும். பிடுங்கிய இடம் அறுத்த வயல் மாதிரி: ஒரு தாள் நீளம், ஒரு தாள் குட்டை, நடுவில் இப்போதுதான் முளைவிட்ட கட்டை முடி. ஓரமும் ஒழுங்காக இருக்காது. தோல் மருத்துவர் ஒரு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். சொல்ல வேண்டியவர் அவர்தான். நானும் அக்காவும் இல்லை.

அடுத்து ஊரில் எல்லோரும் சொன்னது மொட்டை. "வைத்தீஸ்வரன் கோயில்ல முடி இறக்கிடு, எல்லாம் சரியாயிடும்." வேண்டுதலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விரல் பிடிக்கும் நீளத்துக்கு முடி வளரும்வரைதான் அந்த நிம்மதி. சிலருக்கு அதற்குள்ளேயே கை புருவத்துக்கு இறங்கிவிடும், இமைக்குப் போய்விடும். மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுமா? வேறெங்காவது வரப்பை உடைத்துக்கொண்டு போகும். போவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

அந்த வாய்க்காலை வெட்டும் முறை 1973லேயே வந்துவிட்டது. நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். பழக்கத்தைத் திருப்பிவிடும் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். அதில் உயிரான பகுதி இரண்டு. கை கிளம்புவதைத் தானே கண்டுபிடிப்பது முதலாவது. கண்டுபிடித்த உடனே, பிடுங்கவே முடியாதபடி கைக்கு வேறு வேலை கொடுப்பது இரண்டாவது. உதாரணமாக, கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை இறுக மூடிக்கொண்டு ஒரு நிமிஷம், அல்லது அந்த உந்துதல் அடங்கும்வரை, மடியில் வைத்திருப்பது. வீட்டில் ஒருவர் துணை நிற்பதும் சேர்த்தி. இன்றைக்கும் இந்த நோய்க்கு அதிக ஆதாரமுள்ள வழி இதுதான். மாத்திரை இரண்டாம் பட்சம்.

இரண்டாவது பகுதியைச் செய்வதில் பெரிய கஷ்டமில்லை. முதலாவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஏனென்றால் பிடுங்குவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, மனசு கனத்துப்போய், படபடத்து, 'பிடுங்கினால் தேவலை' என்று தெரிந்தே பிடுங்குவது. இன்னொன்று, படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது கை தன்பாட்டுக்குப் போவது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இந்த இரண்டாவது விதத்தில் 'கண்டுபிடி' என்று சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? தூங்குகிறவனிடம் போய், நீ தூங்கிய உடனே எனக்குச் சொல் என்பது மாதிரி. அங்கேதான் கருவி உள்ளே வருகிறது.

இது புது யோசனையும் இல்லை. கை தலைக்குப் பக்கத்தில் போனால் ஒலி எழுப்பும் ஒரு கருவியை 1998லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் மின்னணுச் சில்லுகள் (சிப்) சிறுத்து, மணிக்கட்டில் கட்டும் அளவுக்கு வந்துவிட்டன. இதில் பலருக்கும் தெரிந்த பெயர் கீன் என்ற பட்டை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அதைச் செய்யும் ஹேபிட்அவேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய அனீலா இத்நானிக்கே இந்தப் பழக்கம் இருந்தது. கணவர் சமீர் குமாரிடமே பல காலம் மறைத்து வைத்திருந்ததாக அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். டைம் பத்திரிகை 2018ல் தன் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் அந்தப் பட்டையைச் சேர்த்தது.

உள்ளே என்ன இருக்கிறது? நான் கும்பகோணத்தில் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

முக்கியமான உறுப்பு முடுக்கமானி. அரிசி மணி அளவுச் சில்லுக்குள், மிக நுண்ணிய வில்களில் தொங்கும் ஒரு சிலிக்கான் துண்டு. பஸ் திடீரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அதுபோல் கை அசைந்தால் அந்தத் துண்டு கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்று மின்சாரத்தால் அளந்துவிடுவார்கள். இதையே மேல் கீழ், இடம் வலம், முன் பின் என்று மூன்று திசைக்கும் செய்வார்கள். வேடிக்கை என்னவென்றால், கையை ஆட்டாமல் வைத்திருந்தாலும் அது 9.8 என்று புவியீர்ப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். கை மேசையில் கவிழ்ந்திருந்தால் அந்த 9.8 ஒரு திசையில் விழும். முழங்கையை ஊன்றிக் கையை நிமிர்த்தினால் இன்னொரு திசைக்கு மாறும். கூடவே ஜைரோஸ்கோப் என்று ஒன்று, மணிக்கட்டு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும். இந்த எண்களை ஒரு விநாடிக்குப் பல பத்து முறை படிக்கிறது பட்டை. முதல் நாள் நாம் அதைப் பழக்க வேண்டும்: வழக்கமாகக் கை எப்படிப் போகுமோ, அப்படியே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்தச் சாயல் மறுபடி வந்தால் உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் 'விர்ர்' என்று அதிரும். அவ்வளவுதான் அதன் வித்தை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பட்டைக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்று தெரியாது. தலை எங்கே இருக்கிறது என்று சுத்தமாகத் தெரியாது.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானம் இல்லை. முதலில் ஆன்லைனில் 'பழக்கம் நிறுத்தும் பட்டை' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பிரித்துப் பார்த்தால் நடை எண்ணும் சாதாரணப் பட்டை. கோபத்தில் நானே ஒன்று செய்தேன். இ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினிப் பலகை, அசைவை அளக்கும் எம்.பி.யு.6050 உணரி (சென்சார்), பழைய செல்போனிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார். ப்ராஜெக்ட் கேட்டு வரும் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இந்தச் சாமான்கள் அத்தனையும் தெரியும். சில நூறு ரூபாய்தான். தீப்பெட்டி கனத்துக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வேலை செய்தது.

ரொம்பவே வேலை செய்தது. பிசைந்து ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனால் விர்ர். செல்போனைக் காதில் வைத்தால் விர்ர். கண்ணாடியைத் தள்ளிவிட்டால், பின்னல் போட்டால், பூ வைத்தால் விர்ர். தெருமுனைப் பிள்ளையார் முன்னால் நெற்றியில் குட்டிக்கொண்டாள்; மூன்று குட்டுக்கும் மூன்று விர்ர். "பிள்ளையாருக்கே பிடிக்கலை போல" என்று சிரித்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாயை யார் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்? நாலே நாளில் அவள் கண்டுகொள்வதை விட்டுவிட்டாள்.

கடையில் வாங்கும் நல்ல பட்டையிலும் இந்தத் தொல்லை ஓரளவு இருக்கும். உணர்திறனைக் கூட்டினால் வீண் குரைப்பு. குறைத்தால் நிஜமாகவே பிடுங்கும்போது சும்மா இருக்கும். இதற்கு ஒரு வழியாக, நியூயார்க்கில் உள்ள சைல்டு மைண்ட் இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள் டிங்கிள் என்ற பட்டையில் வெப்ப உணரியையும் சேர்த்துப் பார்த்தார்கள். தலைக்கும் முகத்துக்கும் பக்கத்தில் போனால் உடம்புச் சூடு தெரியும் அல்லவா? அதைச் சேர்த்ததும் கை இருக்கும் இடத்தைச் சொல்வது மேம்பட்டது என்று 2019ல் எழுதினார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்த உணரி பார்ப்பது சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் அறைச் சுவரே உடம்புச் சூட்டில் இருக்கும்போது அது என்ன செய்யும் என்பது என் சர்வீஸ் கடைச் சந்தேகம்.

நாங்கள் கண்ட தீர்வு சாதாரணமானது. அந்தச் சாய்வில் கை இரண்டு விநாடி நின்றால்தான் அதிர வேண்டும் என்று நிரலை மாற்றினேன். நாள் முழுவதும் கட்டாமல், படிக்க உட்காரும்போது மட்டும் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கவளத்துக்கும் பிள்ளையாருக்கும் அதோடு விடுதலை. கை போகும் நேரம் அதுதான் என்று எப்படித் தெரியும் என்றால், அங்கே செயலி உதவியது.

செயலி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலானவை குறிப்பு நோட்டுத்தான். எத்தனை மணி, எங்கே இருந்தாய், எந்தக் கை, உடம்பு எப்படி இருந்தது, மனசு எப்படி இருந்தது. இரண்டு வாரம் விடாமல் எழுதினால் ஒரு கோலம் தெரியும். இவளுக்கு ராத்திரி 9 முதல் 10.30. தனியாக. முழங்கை ஊன்றிய நிலையில். வேதியியலும் கணக்கும், தமிழுக்குக் கிடையாது! இதை 20 ரூபாய்க்கு வாங்கும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதலாம், ஒரு குறையும் வராது. செல்போன் எப்போதும் கையில் இருப்பதால் உடனே குறிக்கலாம் என்பதுதான் செயலியின் லாபம். சிலவற்றில் பயிற்சியையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

செயலிகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: 'பிடுங்காமல் இத்தனை நாள்' என்று ஓடும் எண். 11 நாள் ஓடி, 12ஆம் நாள் ஒரு முடிக்காகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு அந்தப் பிள்ளை 'போனது போச்சு' என்று முப்பது முடி பிடுங்கும். எண்ணத்தான் வேண்டுமென்றால், கை கிளம்பும்போதே பிடித்த தடவைகளை எண்ணுங்கள். அது ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. இன்னொன்று, எழுதுவது எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பெண்பிள்ளையின் அழுகையும் ஆத்திரமும் தேதி வாரியாக எந்த நாட்டுக் கணினியிலோ உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பெயர் கேட்காத, தரவைச் செல்போனிலேயே வைத்துக்கொள்ளும் செயலி உத்தமம்.

சரி, அதிர்ந்தது. அப்புறம்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பட்டை வாங்கினால் அது வெறும் வளையல்.

முஷ்டி மூடுவது இவளுக்கு ஒத்துவரவில்லை. விரல் நுனிக்கு ஏதோ ஒரு சொரசொரப்பு வேண்டியிருந்தது. அவள் பாட்டி பூக்கட்ட வாழைநார் நனைத்து வைத்திருப்பார். அதில் ஒரு இழையை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டாள். பட்டை அதிர்ந்ததும் கை நாருக்குப் போகும். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. தேடித் தடவி இழுக்கும் அதே விரல் வேலைதான், தலையில் மட்டும் இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு இதைவிட எளிதான ஒன்றைச் சோதித்தது: விரல் நுனிகளை ஒன்றோடொன்றோ, உள்ளங்கையிலோ மெல்லத் தடவிக் கொடுப்பது. முடி பிடுங்குபவர்கள், தோல் கிள்ளுபவர்கள், நகம் கடிப்பவர்கள் என்று 268 பேர். ஆறு வாரம். செய்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் பேருக்குக் குணம் தெரிந்தது, செய்யாமல் காத்திருந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு. 2023ல் வந்த முடிவு இது. பட்டையே இல்லாமல், காசு செலவில்லாமல்!

நம் வீட்டிலேயே வேறு உபாயங்களும் இருக்கின்றன. படிக்க உட்காரும் முன் தேங்காய் எண்ணெயை நன்றாக வைத்துப் படிய வாரினால் முடி விரலில் வழுக்கும். இறுக்கப் பின்னலாம், துண்டு கட்டலாம். ரூபாய் நோட்டு எண்ணுகிறவர்கள் மாட்டும் ரப்பர் உறையைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டால் முடி பிடிபடாது.

எது பட்டையின் வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனசு கனத்து, தெரிந்தே பிடுங்குகிறவருக்கு 'கை போகிறது' என்று அதிர்ந்து சொல்வதில் பயனில்லை. அது அவருக்கே தெரியும். அவருக்கு வேண்டியது அந்தக் கனத்தைக் கேட்கும் ஆள். பட்டைகளைப் பற்றி இதுவரை வந்திருப்பவை பெரும்பாலும் சிறு ஆய்வுகள். சிகிச்சைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதுவே சிகிச்சை என்று விற்றால் நம்ப வேண்டாம். மாத்திரைக் கதையும் கலவையானதுதான். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து 2009ல் பெரியவர்கள் 50 பேரிடம் நடந்த சோதனையில் நன்றாக வேலை செய்தது. பிள்ளைகளிடம் 2013ல் பார்த்தபோது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. மருத்துவர் சொல்லாமல் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பிடுங்கிய முடியை விழுங்குகிற பிள்ளை என்றால் தள்ளிப்போடவே கூடாது. முடி செரிக்காது, வயிற்றில் பந்தாகத் திரளும். வயிற்று வலி, வாந்தி, பசியின்மை என்று வந்து, கடைசியில் அறுவை செய்து எடுத்த செய்தியை அவ்வப்போது பேப்பரில் பார்க்கிறோம். யாரிடம் போவது? முதலில் தோல் மருத்துவர், அப்புறம் மனநல மருத்துவர். டெல்டாக்காரர்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன்னால் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பட்டையால் எங்கள் வீட்டில் வந்த ஒரே சண்டை அக்காவால் வந்தது. ராத்திரி படுக்கும் முன் வந்து, "இன்னைக்கு எத்தனை தடவை விர்ருன்னுச்சு?" என்று கேட்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் பிள்ளை பட்டையைக் கழற்றி அலமாரியில் எறிந்துவிட்டது. நான் அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருந்தது. "கையை எடுடி" என்று, விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் சொன்னதைத்தான் பட்டை சத்தமில்லாமல் சொல்கிறது. பிள்ளை அதைக் கேட்பதற்குக் காரணம், அது திட்டாது, பக்கத்து வீட்டாருக்குக் கேட்காது, அம்மாவிடம் போய்ச் சொல்லாது. அந்த எண்ணிக்கை அவளுடையது. பங்குபோடும் வசதி செயலியில் இருந்தாலும் அதை அணைத்தே வையுங்கள். அக்கா இப்போது கேட்பதில்லை. நாரை மட்டும் தினமும் நனைத்து வைக்கிறாள்.

தை மாதம் போனபோது சொட்டை இருந்த இடத்தில் ஒரு விரற்கடை முடி. "இப்பல்லாம் அது அதிர்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுடுது, மாமா" என்றாள். எப்போதும் இல்லை, பாதி நாள். பேசிக்கொண்டே பட்டையைக் கழற்றி மறு கைக்கு மாற்றினாள். ஏன் என்று பார்த்தேன். "வலது கை கேக்குது. இப்ப இடது கை போக ஆரம்பிச்சிருக்கு."